படையே மாகாணமாக இருந்த இடம்: டான் கொசாக்குகளின் நிலம்

1801 ஜனவரியில் ரஷ்யப் பேரரசர் முதலாம் பாவெல், டான் நதிக்கரைக்கு ஒரு உத்தரவு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது டான் கொசாக் படையின் தலைவர் வசீலி ஓர்லோவின் கைக்கு. படையைத் திரட்டிக்கொண்டு ஓரன்பூர்க் வழியாக மத்திய ஆசியாவின் கீவா, புகாரா போய், அங்கிருந்து சிந்து நதியைப் பிடித்து, இந்தியாவில் ஆங்கிலேயரின் இடங்களைத் தாக்க வேண்டும் என்பது உத்தரவு. தன்னிடம் உள்ள வரைபடங்கள் கீவாவும் ஆமு தரியா ஆறும் வரைதான் போகின்றன, அதற்கு அப்பால் வழி விசாரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றும் எழுதியிருந்தார்.

சில வாரங்களில் 22,500க்கும் அதிகமான ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஏறிய குதிரை அவரவருடையது, இடுப்பில் தொங்கிய வாள் அவரவருடையது. பனி உருகத் தொடங்கிய காலம். வோல்கா ஆற்றின் உறைந்த பரப்பைக் கடக்கும்போது பனி பிளந்து குதிரைகள் உள்ளே விழுந்தன. மார்ச்சில் பாவெல் தன் அரண்மனையிலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலெக்சாந்தர் அரியணை ஏறியதும் முதல் வேலையாக "திரும்பி வாருங்கள்" என்று ஆள் அனுப்பினார். ரஷ்ய எல்லையைத் தாண்டும் முன்பே படை வீடு திரும்பியது.

இந்தியாவுக்கு வராமலே முடிந்த இந்தப் படையெடுப்பை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. நான் இதில் தொடங்குவதற்குக் காரணம் வேறு. ஒரு கடிதம் வந்ததும் ஒரு வட்டாரத்தின் ஆண்கள் எல்லாம், சொந்தக் குதிரையில், வரைபடம் இல்லாத ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்றால், அது என்ன வகையான வட்டாரம்? ரஷ்யப் பேரரசில் அதற்கு இருந்த பெயரிலேயே பதில் இருக்கிறது: "டான் படையின் மாகாணம்". மற்ற மாகாணங்களில் அரசு படையை நிறுத்தி வைத்தது. இங்கே மாகாணமே படையின் பெயரில் இருந்தது. இது எப்படி வந்தது என்பதைத்தான் முதலிலிருந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொசாக் என்பது தொடக்கத்தில் ஒரு இனத்தின் பெயர் அல்ல. "கஸாக்" என்ற துருக்கிய மொழிச் சொல்லுக்கு, யாருக்கும் கட்டுப்படாமல் திரிகிறவன் என்று பொருள். கஸாக்ஸ்தானின் கஸாக் மக்களின் பெயருக்கும் இதே வேர்தான். ஆனால் அவர்கள் வேறு, இவர்கள் வேறு. டான் கொசாக்குகளில் பெரும்பாலோர் ரஷ்ய மொழி பேசிய கிறிஸ்தவர்கள். வரிக்கும் பண்ணை எஜமானுக்கும் தப்பி, மாஸ்கோவின் கை எட்டாத தெற்குப் புல்வெளிக்கு ஓடியவர்கள். டான் நதி அந்தப் புல்வெளியின் நடுவே ஓடி அசோவ் கடலில் விழுகிறது. வடக்கே ரஷ்ய ஜாரின் நாடு, தெற்கே துருக்கி சுல்தானின் கோட்டைகளும் கிரீமிய கானின் குதிரைப்படையும். நடுவில் கிடந்த நிலத்துக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை.

ஓடி வந்தவர்கள் ஆற்றங்கரைகளில் மரவேலி போட்டுக் குடியேறினார்கள். மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள், கொள்ளையும் அடித்தார்கள். உழவு மட்டும் செய்யவில்லை. 1690இல்கூட, யாராவது ஏர் பிடித்தால் அடித்துக் கொல்லலாம் என்று படையின் கட்டளை இருந்தது. நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். ஏர் வந்தால் வரப்பு வரும், வரப்பு வந்தால் கணக்கெழுதுகிறவன் வருவான், அவன் பின்னால் எஜமான் வருவான். எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதே வாழ்க்கை பின்னாலேயே வந்து சேரும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண் அல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தானியத்துக்கு என்ன செய்தார்கள்? அதுதான் மாஸ்கோவோடு அவர்களைக் கட்டிப்போட்ட கயிறு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் டானிலிருந்து ஒரு தூதுக்குழு ஜாரிடம் போகும். தானியம், வெடிமருந்து, ஈயம், துணி, பணம், மது எல்லாம் வாங்கி வரும். பதிலுக்குத் தெற்கு எல்லையைக் கொசாக்குகள் காக்க வேண்டும். 1570 ஜனவரியில் நான்காம் இவான், துருக்கிக்குப் போகும் தன் தூதருக்கு வழித்துணை கேட்டு இவர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. டான் படை தன் வயதை அந்தக் கடிதத்திலிருந்துதான் எண்ணியது.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 17ஆம் நூற்றாண்டில் டான் விவகாரங்களைப் பார்த்தது மாஸ்கோவின் தூதர் துறை. அதாவது போலந்து, துருக்கி, பாரசீகக் கோப்புகள் இருந்த அதே அலுவலகம். ஜாரின் பார்வையில் டான் வெளிநாடு. இது அவருக்கு வசதியாகவும் இருந்தது. கொசாக்குகள் துருக்கிக் கப்பலைக் கொள்ளையடித்ததாக சுல்தான் புகார் சொன்னால், அவர்கள் என் பேச்சைக் கேட்காத ஓடுகாலிகள் என்று சொல்லிவிடலாம். 1637இல் கொசாக்குகள் தாங்களாகவே போய் அசோவ் கோட்டையைப் பிடித்தார்கள். 1641இல் பெரும் துருக்கிப் படை முற்றுகையிட்டும் விடவில்லை. கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜாரிடம் நீட்டினார்கள். சுல்தானோடு போர் வரும் என்று அஞ்சிய ஜார் மிகயீல் வேண்டாம் என்றார். 1642இல் இடிந்த கோட்டையை விட்டுவிட்டு நடந்தார்கள்.

வட்டமும் தலைவனும்

அந்தக் காலத்து டானில் அதிகாரம் "க்ரூக்" என்ற சபையிடம் இருந்தது. அந்தச் சொல்லுக்கு வட்டம் என்றே பொருள். சபை கூடும் விதமும் அப்படித்தான். செர்காஸ்க் என்ற தலைமை ஊரில், திறந்த வெளியில், ஆண்கள் எல்லாம் வட்டமாக நிற்பார்கள். "அத்தமான்" என்று அழைக்கப்பட்ட தலைவர் செங்கோலைப் பிடித்துக்கொண்டு நடுவே வந்து, தொப்பியைக் கழற்றி நாலா பக்கமும் வணங்குவார். விஷயத்தைச் சொன்ன பிறகு கேள்வி வரும்: உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? "லூபோ!" என்று வட்டம் முழங்கினால், பிடித்திருக்கிறது, முடிந்தது. "நே லூபோ" என்றால் பேச்சு அங்கேயே விழுந்தது. அத்தமானைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான், இறக்குவதும் இப்படித்தான். பெண்களுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பண்ணையடிமை முறை ஊறிக் கிடந்த நாட்டின் ஓரத்தில், நேற்று ஓடி வந்தவனும் தலைவனின் முகத்தைப் பார்த்து "பிடிக்கவில்லை" என்று சொல்ல முடிந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

இந்த வட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: டானிலிருந்து யாரையும் திருப்பி ஒப்படைப்பதில்லை. 1649இல் ரஷ்யாவின் புதிய சட்டத் தொகுப்பு குடியானவரை நிலத்தோடு நிரந்தரமாகப் பிணைத்தது. ஓடியவரை எத்தனை வருடம் கழித்தும் பிடித்து இழுக்கலாம் என்றது. டானுக்கு வருகிறவர் கூட்டம் பெருகியது. வந்தவருக்குச் சோறு இல்லை, பழைய குடிகளிடம் வசதி சேர்ந்திருந்தது. அந்தப் பசியும் கோபமும் ஸ்தெபான் ராஸின் என்ற கொசாக்கின் பின்னால் திரண்டன. 1670இல் வோல்கா கரையின் பட்டணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் வசமாயின. அந்த ஆண்டே சிம்பீர்ஸ்கில் தோற்று டானுக்குத் திரும்பினார்.

எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மனதை அழுத்தும் இடம் இதுதான். 1671 வசந்தத்தில் ராஸினைப் பிடித்தது ஜாரின் படை அல்ல. கொர்னீலா யாக்கவ்லெவ் என்ற அத்தமானின் கொசாக்குகள் பிடித்தார்கள். அவர் ராஸினுக்கு ஞானத் தந்தையும்கூட. சங்கிலியில் பிணைத்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் அவரே ஒப்படைத்தார். ஜூனில் ராஸினைத் துண்டு துண்டாக வெட்டிக் கொன்றார்கள். அதே ஆண்டு டான் படை முதன்முறையாக ஜாருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தது. யாரையும் ஒப்படைக்காத டான் ஒருவரை ஒப்படைத்தது. அங்கே தளர்ந்த முடிச்சு மறுபடி இறுகவே இல்லை.

மிச்சத்தை முதலாம் பேதுரு முடித்தார். ஓடி வந்தவர்களை எண்ணிப் பிடித்துத் திருப்பி அனுப்ப 1707இல் இளவரசர் யூரி தல்கருகோவ் படையோடு வந்தார். கொந்திராத்தி புலாவின் என்ற கொசாக்கின் ஆட்கள் ஒரு இரவில் அவரைக் கொன்றார்கள். கலகம் டான் முழுவதும் பற்றியது. 1708இல் புலாவின் செர்காஸ்கில் இறந்தார். பிறகு கொல்லப்பட்ட இளவரசரின் தம்பியே தண்டனைப் படையோடு வந்தார். மேல் டானிலும் கிளையாறுகளிலும் ஊர் ஊராக எரித்தார்கள். தூக்கு மரங்களை மிதவைகளில் நட்டு, பிணங்களோடு ஆற்றில் விட்டார்கள், கீழ்க்கரை ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று. 1721இல் டான் கோப்பு வெளிநாட்டு மேசையிலிருந்து போர்த் துறைக்கு மாறியது. அத்தமானை வட்டம் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் அந்தத் தலைமுறையோடு நின்றது. இனி ஆளை நியமிப்பது பேரரசர். 1827 முதல் கொசாக் படைகள் அனைத்துக்கும் கௌரவ அத்தமான் பட்டத்து இளவரசர்தான். டானில் நிர்வாகம் பார்த்தவரின் பெயரே "நியமன அத்தமான்". 1848இல் கொசாக்கே அல்லாத ஒரு தளபதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

பழைய சின்னத்தின் கதை ஒன்று உண்டு. டான் படையின் முத்திரையில் முன்பு அம்பு பாய்ந்த மான் இருந்தது. பேதுரு காலத்தில் அது மாறி, மதுப் பீப்பாய் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் அரை நிர்வாணக் கொசாக் வந்தான். துணியெல்லாம் விற்றுக் குடித்தவன் ஆயுதத்தை மட்டும் விற்காமல் வைத்திருந்ததைப் பேதுரு கண்டு மெச்சினாராம். கதை உண்மையோ இல்லையோ, பேரரசு கொசாக்கிடம் எதை எதிர்பார்த்தது என்பதை அந்தப் படம் சரியாகக் காட்டுகிறது.

ரத்தத்துக்கு நிலம்

இனி நம் கேள்வியின் நடுப்பகுதி. கொசாக்குகளை அடக்கிய பேரரசு, அவர்களைச் சாதாரணக் குடியானவராக்கி வரி வாங்கவில்லை. வேறு ஒப்பந்தம் போட்டது. நிலம் உங்கள் படைக்கே சொந்தம், தலைவரி கிடையாது. பதிலுக்கு உங்கள் ஆண்கள் ஒவ்வொருவரும் போர்வீரர். நம் பழைய சொல்லில், ஊழியத்துக்கு விட்ட இறையிலி நிலம் மாதிரி. வேறுபாடு என்னவென்றால், இங்கே அது ஒரு ஊருக்கோ குடும்பத்துக்கோ இல்லை, ஒரு மாகாணம் முழுவதற்கும்.

முதலாம் நிக்கலாயின் காலத்தில், 1835இல், இந்த ஒப்பந்தம் விரிவான சட்டமானது. கொசாக் என்பது மூடிய குலமாயிற்று: உள்ளே பிறந்தவர் வெளியேற முடியாது, வெளியே இருப்பவர் எளிதில் நுழைய முடியாது. கொசாக் ஆண் ஒவ்வொருவருக்கும் 30 தெஸ்யாத்தின், அதாவது சுமார் 80 ஏக்கர் என்று கணக்கு. நிலம் "ஸ்டானிட்சா" எனப்பட்ட பெரிய ஊரின் பொதுச் சொத்து. ஊர்ச் சபை அதைப் பங்கு பிரித்துக் கொடுக்கும், சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிப் பிரிக்கும். விற்க முடியாது. ஏர் பிடித்தால் கொல்லலாம் என்றவர்களின் பேரன்கள் இப்போது கோதுமை விதைத்தார்கள். முன்னோர் பயந்தபடியே கணக்கெழுதுகிறவரும் வந்துவிட்டார்.

எஜமானும் வந்தார். கொசாக் அதிகாரிகளின் பதவிகளுக்கு 1798இல் ராணுவப் பதவிக்குச் சமமான அந்தஸ்து கிடைத்தது. அதோடு அவர்கள் பிரபுக்கள் ஆனார்கள். அவர்கள் குடியமர்த்தியிருந்த குடியானவர் இடம் பெயரக் கூடாது என்று 1796லேயே ஆணை வந்திருந்தது. ஓடி வந்த பண்ணையடிமைகள் உண்டாக்கிய மண்ணில் பண்ணையடிமைகள் இருந்தார்கள். 1861 வரை அப்படித்தான்.

சேவையின் கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். 1875 சட்டப்படி 18 வயதில் பெயர் பதிவு. மூன்று ஆண்டு உள்ளூரில் பயிற்சி. 21 வயதில் நான்கு ஆண்டு படையணியில், போலந்து எல்லையிலோ வேறு எங்கேயோ. வீடு திரும்பியபின் நான்கு ஆண்டு இரண்டாம் வரிசை: உழுதுகொண்டிருக்கலாம், ஆனால் போர்க்குதிரை லாயத்தில் தயாராக நிற்க வேண்டும். இன்னும் நான்கு ஆண்டு மூன்றாம் வரிசை. பிறகு ஐந்து ஆண்டு இருப்புப் படை. மொத்தம் 20 ஆண்டு. 1909இல் இது 18 ஆகக் குறைந்தது.

துப்பாக்கியை அரசு பார்த்துக்கொள்ளும். மீதி எல்லாம் வீட்டின் செலவு. குதிரை, சேணம், கடிவாளம், வளைந்த வாள், மேலங்கி, பூட்ஸ், சிவப்புப் பட்டை வைத்துத் தைத்த நீலக் கால்சட்டை. பையன் கிளம்பும் முன் பரிசோதனை நடக்கும். ஊர்ச் சதுக்கத்தில் துணி விரித்துச் சாமான்களை ஒவ்வொன்றாக அடுக்கி வைக்க வேண்டும். அதிகாரி குதிரையின் உயரத்தை அளப்பார், பல்லைப் பார்ப்பார், தையலை இழுத்துப் பார்ப்பார். குதிரை தள்ளுபடியானால் தகப்பன் வேறு குதிரை வாங்க வேண்டும். அதற்காக உழவு மாட்டை விற்ற வீடுகள் உண்டு, ஊர்ப் பொது நிதியில் கடன் வாங்கிய வீடுகள் உண்டு. மூன்று மகன்கள் பிறந்த வீட்டில் மூன்று பங்கு நிலம் வரும் என்பது உண்மை. மூன்று போர்க்குதிரை வாங்க வேண்டும் என்பதும் உண்மை. ஆண்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் உழவு, அறுவடை, மாடு எல்லாவற்றையும் பெண்கள் சுமந்தார்கள். வட்டத்தில் இடம் கிடைக்காத அவர்கள்தான் அந்தப் படையைச் சோறு போட்டு வளர்த்தார்கள்.

பேரரசுக்கு இது லாபமான ஏற்பாடு. சம்பளமும் குதிரையும் கொடுத்துக் குதிரைப்படை வைத்துக்கொள்வதைவிட மலிவு. 1812இல் நெப்போலியன் பின்வாங்கியபோது அவர் படையை விடாமல் துரத்தியவர்களில் மத்வேய் பிளாத்தவ் என்ற அத்தமானின் டான் கொசாக்குகள் முன்னால் நின்றார்கள். 1814இல் அவர்கள் பாரிஸில் குதிரைகளைக் கட்டினார்கள். இந்தப் பிளாத்தவ் 1801இல் சிறையில் இருந்தவர். பாவெல் அவரை விடுவித்ததே இந்தியாவுக்கு அனுப்பத்தான். தலைநகரை மாற்றியவரும் இவரே. பழைய செர்காஸ்க் தீவில் இருந்தது, வசந்தம்தோறும் வெள்ளம் சூழும். 1805இல் மேட்டில் நவச்செர்காஸ்க் என்ற புது நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். வெள்ளம் தொலைந்தது. ஆனால் ஆறும் தொலைவாகிப்போனது, ஆற்றோடு பிறந்து வளர்ந்த மக்கள் அங்கே குடிபோக லேசில் சம்மதிக்கவில்லை.

மாகாணம் என்ற பெயர்

"டான் படையின் நிலம்" என்று இருந்த பெயர் 1870இல் "டான் படையின் மாகாணம்" என்று மாறியது. பெயர் மாறினாலும் கோப்பு மாறவில்லை. மற்ற மாகாணங்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தன. டான், பேரரசின் கடைசி நாள் வரை, போர் அமைச்சகத்தின் கீழ். பள்ளிக்கூடமா, பாலமா, நிலத் தகராறா, எல்லாக் கேள்விகளும் கடைசியில் ஒரு ராணுவ அலுவலகத்தைத்தான் சென்று சேரும். ரஷ்யாவின் பல மாகாணங்களில் இருந்த "ஸெம்ஸ்த்வோ" என்ற உள்ளாட்சி மன்றம் இங்கே 1876இல் வந்தது. ரத்தமாகக் கொடுத்துவிட்டோம், பணமாகவும் வரி கொடுக்க மாட்டோம் என்று கொசாக்குகள் எதிர்த்தார்கள். 1882இல் மன்றம் போனது. வரி தப்பியது. ஆனால் அந்த மன்றம் நடத்தியிருக்கக்கூடிய பள்ளியும் மருத்துவமனையும் கூடவே போயின. அந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் அது அவர்களுக்கே நஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்குள் மண்ணின் முகம் மாறிக்கொண்டிருந்தது. ரயில் வந்தது, கிழக்கு தன்யெத்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் திறந்தன. நிலம் தேடியும் கூலி தேடியும் வெளியூர்க்காரர் வந்து குவிந்தார்கள். 1888 தொடக்கத்தில் ரஸ்தோவ், தகன்ரோக் ஆகிய வணிக நகரங்களும் சுற்றுப்புறங்களும் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டன. 1897 மக்கள்தொகைக் கணக்கில் மொத்தம் சுமார் 25 லட்சத்து 60 ஆயிரம் பேர். அதில் கொசாக்குகள் சுமார் பத்து லட்சம்தான். தங்கள் பெயரில் உள்ள மாகாணத்திலேயே அவர்கள் சிறுபான்மை. தெற்கே ஸால் ஆற்றுப் புல்வெளியில் கல்மீக்குகள் இருந்தார்கள். பௌத்தர்கள், மங்கோலிய வழி மொழி பேசுகிறவர்கள், குதிரை வளர்ப்பில் கைதேர்ந்தவர்கள். அவர்களும் முழு உரிமையுள்ள டான் கொசாக்குகளே. கொசாக் என்பது ரத்தமா, மதமா, பணியா என்று கேட்டால், அந்தப் புல்வெளியின் புத்த விகாரைகள் நல்ல பதில்.

நிலம் பெருகவில்லை, ஆட்கள் பெருகினார்கள். 30 தெஸ்யாத்தின் என்ற பங்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குதிரையின் விலையோ ஏறிக்கொண்டே போனது. ஒப்பந்தத்தின் ஒரு தட்டு காலியாகிக்கொண்டிருந்தபோது மறு தட்டில் பேரரசு இன்னொரு சுமையை ஏற்றியது. 1905 புரட்சியில் வேலைநிறுத்தக்காரர்களையும் கலகக் குடியானவரையும் அடக்கக் கொசாக்குகளை அனுப்பியது. அவர்கள் கையில் இருந்த சாட்டை ரஷ்யா முழுவதும் வெறுப்பின் சின்னமானது. எல்லோரும் மனமொப்பிச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1906இல் ஊஸ்த்-மெத்வேதித்ஸ்கயா ஸ்டானிட்சா மக்கள், போலீஸ் வேலைக்கு எங்களைக் கூப்பிடாதீர்கள் என்று தீர்மானம் போட்டார்கள். அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரான பிலீப் மிரோனவ் பின்னாளில் செம்படைத் தளபதியானார்.

1917இல் ஜார் விழுந்தார். டானில் பழைய வட்டம் மீண்டும் கூடியது. ஜூனில் அலெக்சேய் கலேதின் அத்தமானாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேதுருவின் காலத்துக்குப் பிறகு வட்டம் தேர்ந்தெடுத்த முதல் அத்தமான். போல்ஷெவிக்குகளை எதிர்த்து நிற்கப் பார்த்தார். போர்முனையிலிருந்து களைத்து வந்த கொசாக்குகளோ இன்னொரு போருக்குத் தயாராக இல்லை. 1918 பிப்ரவரியில், அத்தமான் மாளிகையில் பதவியைத் துறந்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்த் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். மே மாதம் பியோத்தர் கிரஸ்னோவ் தலைமையில் டான் தன்னைத் தனி அரசாக அறிவித்தது. அம்பு பாய்ந்த மானும் முத்திரைக்குத் திரும்பியது. 1919 ஜனவரி 24 அன்று போல்ஷெவிக் கட்சியின் மையம், வசதியுள்ள கொசாக்குகள் மீது ஈவிரக்கமற்ற பயங்கரத்தை ஏவச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. கொலைகளைப் பார்த்த மேல் டான் ஸ்டானிட்சாக்கள் மார்ச்சில் கிளர்ந்தெழுந்தன. அவற்றில் பல, சில வாரங்களுக்கு முன் செம்படைக்குத் தாங்களே வழி திறந்துவிட்ட ஊர்கள்.

1920 மார்ச்சில், செம்படையிடம் தோற்று நாட்டை விட்டு ஓட நவரஸீஸ்க் துறைமுகத்தில் கப்பலுக்கு முண்டியடித்த கொசாக்குகள் குதிரைகளைக் கரையிலேயே விட்டார்கள். படை மாகாணம் கலைக்கப்பட்டது. அதன் நிலம் இன்று ரஷ்யாவின் ரஸ்தோவ், வோல்காகிராத் மாகாணங்களிலும், ஒரு பகுதி உக்ரைனின் தன்பாஸிலும் கிடக்கிறது. அத்தமான்களின் செங்கோல்களும் ஜார்கள் கொடுத்த கொடிகளும் பெட்டிகளில் அடைக்கப்பட்டு கான்ஸ்தாந்தினோபிள் வழியாகக் கடைசியில் பிராக் நகரம் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்தது. நவச்செர்காஸ்கில் டான் கொசாக் வரலாற்று அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால், அவற்றை இன்றும் பார்க்கலாம்.